கிழக்கும் மேற்கும் கிப்லாவும்

தளவாய்புரத்தில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் கிழக்கே என்று சொல்லிவிடும். மேற்கே மலை நிற்கின்றது. மலையில் பெய்த மழை ஓடைகளாய் இறங்கி, மேலிருக்கும் கண்மாயை நிரப்பி, அது மறுகால் பாய்ந்து கீழிருக்கும் கண்மாயை நிரப்பி, இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேருகின்றது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமை முழுவதற்கும் நிலத்தின் கிடப்பு இதுவே. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'மேற்கு', 'கிழக்கு' என்னும் இரு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்தால், அவற்றுள் மேல் என்பதும் கீழ் என்பதும் ஒளிந்திருப்பது தானே புலப்படும். மேடான பக்கம் மேற்கு. தாழ்ந்த பக்கம் கிழக்கு. மலையிலிருந்து கடல்வரை சரிந்து கிடக்கும் தமிழகத்தின் சாய்வையே நம் முன்னோர் திசைக்குப் பெயராக வைத்துவிட்டனர்.

இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் பிறமொழியாளரிடம் சொன்னால் வியப்பர். ஞாயிறு மேலெழுகின்ற பக்கத்தைக் 'கீழ்' என்றும், அது கீழிறங்குகின்ற பக்கத்தை 'மேல்' என்றும் அழைப்பது அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். நம் அண்டை மொழியான கன்னடத்தில் கிழக்கு என்பது 'மூடண'; மூடுதல் என்றால் அங்கே எழுதல், தோன்றுதல். மேற்கு 'படுவண', ஞாயிறு படுகின்ற பக்கம். துளு மொழியும் அவ்வாறே. தெலுங்கில் மேற்கு 'படமர'. அதுவும் படுதலைச் சொல்வதே. அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். தமிழர் மண்ணைப் பார்த்துப் பெயரிட்டனர்.

தமிழில் இதற்கு முன்னரே வேறு சொற்களும் வழங்கின. சங்க நூல்களில் கிழக்கு 'குணக்கு' எனவும் மேற்கு 'குடக்கு' எனவும் வரும். வங்கக் கடல் குணகடல். அரபிக் கடல் குடகடல். மேலை மலைத்தொடர் குடமலை. இளங்கோவடிகள் தங்கியிருந்ததாகச் சிலப்பதிகாரப் பதிகம் கூறும் இடம் குணவாயிற் கோட்டம். சோழநாட்டுக் குடவாசல் பழங்காலத்தில் குடவாயில். இச்சொற்கள் நூலில் நின்றுவிட்டன. உழவன் வாயில் நிலைத்தவை கீழும் மேலுமே. சோழர், பாண்டியர் செப்பேடுகளில் நிலக்கொடைக்கு எல்லை கூறும்போது கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று வலமாகச் சுற்றி வருவர். பெண்யானையை நடத்தி அவ்வெல்லையை வகுத்ததாகவும் எழுதி வைத்திருக்கின்றனர். இன்றும் பத்திரம் எழுதுவோர் 'கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி' என்றே எழுதுகின்றனர். நம் சமுதாயத்தார் செறிந்து வாழும் ஊர்களின் பெயர்களை மட்டும் பாருங்கள்: கீழக்கரை, மேலப்பாளையம், தென்காசிக்கு அருகே வடகரை கீழ்ப்பிடாகை என்று இரண்டு திசைகளை ஒருங்கே சுமக்கும் ஊரும் உண்டு.

இந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பெரிய வரலாற்று வாதத்தையே எழுப்பியவர் கால்டுவெல் பாதிரியார். 1838இல் சென்னையில் வந்திறங்கி, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் கண்டது இது: மலையாளத்திலும் கிழக்கு என்பதற்குக் 'கிழக்கு' என்றே வழங்குகின்றனர். ஆனால் கேரளத்தில் கிழக்கே இருப்பது பள்ளமன்று, மலை. தாழ்ந்து கிடப்பது மேற்கே உள்ள கடல். மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைக் 'கீழ்ப்பக்கம்' என்று ஒருவன் சொல்கின்றான் எனில், அச்சொல் அந்த நிலத்தில் பிறந்திருக்க இயலாது. மலைக்கு இப்பால், நீர் கிழக்கே ஓடும் நாட்டில் பிறந்து, மலை தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆதலின் அம்மொழியின் முன்னோர் மலைக்குக் கிழக்கேயிருந்து சென்றவர் என்பது அவர் முடிவு. அவருடைய மற்ற முடிபுகள் எல்லாவற்றோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. இந்த ஒன்று மட்டும் பொருத்தமாகவே படுகின்றது. மேற்கு என்பதற்கு மலையாள வழக்கில் 'படிஞ்ஞாறு', அதாவது ஞாயிறு படிகின்ற பக்கம், என்னும் சொல் நிலைபெற்றிருப்பதும் கருதத்தக்கது. கண்முன்னே கடல் தாழ்ந்து கிடக்க, அதை 'மேல்' என்று சொல்ல நாக்கு கூசியிருக்கும் போலும்! கிழக்கை மட்டும் பழைய பெயரோடேயே விட்டுவிட்டனர். தளவாய்புரத்தார்க்கு மேலாகிய அதே மலை அப்பால் இருப்பவர்க்குக் கீழாகிவிட்டது.

நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டவர் ஒரு சாரார் என்றால், ஒரு பக்கம் முகம் திருப்பி நின்று தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டு பெயரிட்டவர் மற்றொரு சாரார். அரபிகள் இவ்வகையினர். உதிக்கும் ஞாயிற்றை நோக்கி நின்றால் இடப்பக்கம் வடக்கு. இடக்கைக்கு 'ஷிமால்', வடக்கிற்கு 'ஷமால்'. வலக்கைக்கு 'யமீன்', வலப்பக்கத்து நாடு 'யமன்'. ஷாம் நாட்டின் பெயரையும் இடப்பக்கம் என்னும் பொருளோடு அரபு அகராதியாளர் இணைப்பர். புனித கஅபாவின் மூலைகளுள் ஒன்று ருக்னுல் யமானி, மற்றொன்று ருக்னுஷ் ஷாமி. ஹஜ்ஜுக்குச் சென்றோர் அறிவர். வடமொழியும் இப்படித்தான்: தட்சிணம் என்பது வலப்பக்கமும் ஆகும், தெற்கும் ஆகும்; பச்சிமம் என்பது பின்பக்கம். காற்றுக்கும் அரபிகள் இதே கணக்கில் பெயரிட்டனர். கீழ்க்காற்று ஸபா, அதனைக் கபூல் என்றும் சொல்வர், முன்பக்கத்திலிருந்து வருவது. மேல்காற்று தபூர், பின்பக்கத்திலிருந்து வருவது. ஸபாக் காற்றால் தமக்கு உதவி கிட்டியதையும், ஆது கூட்டத்தார் தபூர்க் காற்றால் அழிந்ததையும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

இனி மேலைநாட்டைச் சற்றே பார்ப்போம். ஆங்கிலத்தின் ஈஸ்ட் என்பது விடியலோடும், வெஸ்ட் என்பது அந்தியோடும், ஸௌத் என்பது சூரியனோடும் தொடர்புடையவை என்று மொழியறிஞர் கொள்வர். ஆங்கிலேயரின் இந்த நான்கு சொற்களும் மிகவும் வலுவானவை. பிரெஞ்சுக்காரர்களே தம் மொழியின் பழைய சொற்களை ஒதுக்கிவிட்டு இவற்றைக் கடன் வாங்கிக்கொண்டனர். அவர்கள் வழியாக ஸ்பெயின், இத்தாலி வரை பரவின. இவற்றை இணைத்து இடைத்திசைகளுக்குப் பெயர் செய்வதும் பழைய முறை. ஜெர்மானிய இனத்துப் பேரரசர் ஷார்ல்மேன், நான்கு காற்றுகளுக்கு மட்டுமே பெயர் இருந்த தம் மொழியில் பன்னிரண்டு காற்றுகளுக்குப் பெயர் வகுத்தார் என்று ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் கூறுகின்றார். பேரரசர் செய்த வேலை வேறொன்றுமில்லை. வடக்கையும் கிழக்கையும் முன்னும் பின்னுமாக ஒட்டினார். தமிழில் வடக்கும் மேற்கும் சேர்ந்து வடமேற்கு ஆவதற்கும், தெற்கும் கிழக்கும் சேர்ந்து தென்கிழக்கு ஆவதற்கும் நன்னூலார் தனியே விதி வகுத்துள்ளார். தமிழிலும் ஆங்கிலத்திலும் வடக்கு, தெற்கே முன்னால் நிற்கின்றன என்பது ஓர் இனிய ஒற்றுமை. மத்தியதரைக் கடலின் இத்தாலிய மாலுமிகளோ வடக்கைத் 'திராமொந்தானா' என்றனர். மலைக்கு அப்பாலிருந்து வருவது என்று பொருள். மலையைக் கொண்டு திசை சொன்னவர் தமிழர் மட்டும் அல்லர் என்பதற்கு இது சான்று.

ஆங்கிலப் புலவர் ஜெஃப்ரி சாசர் 1391ஆம் ஆண்டளவில், பத்து வயதான லூயிஸ் என்னும் தம் மைந்தனுக்காக, அஸ்துர்லாப் என்னும் வானளவைக் கருவியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் வாழ்ந்த மாஷாஅல்லாஹ் என்னும் யூத வானியலாரின் பெயரால் வழங்கிய இலத்தீன் நூலே அதற்கு அடிப்படை. அந்நூலில் அவர் அடிவானத்தை இருபத்து நான்கு பகுதிகளாகப் பகுத்துவிட்டு, கப்பலோட்டிகள் மட்டும் அதை முப்பத்திரண்டாக எண்ணுகின்றனர் என்று கூறுகின்றார். அப்பகுதிகளைக் குறிக்க அவர் கையாண்ட சொல் 'அஸிமுத்'. அது எங்கிருந்து வந்தது? திசை என்னும் பொருள்படும் 'ஸம்த்' என்னும் அரபுச் சொல்லின் பன்மையாகிய 'அஸ்ஸுமூத்' என்பதே அது. தலைக்கு நேர் மேலான இடத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸெனித்' என்பதும் 'ஸம்துர் ரஃஸ்' என்பதன் முதற்சொல் எழுத்துப் பிறழ்ந்து வந்ததே. அதன் நேர் எதிரான 'நாதிர்' நம் 'நளீர்'. இதிலே நமக்குத் தனி உவகை உண்டு. கிப்லாவைக் கணக்கிடும் கலைக்கு நம் அறிஞர்கள் இட்ட பெயர் 'ஸம்துல் கிப்லா'. கிழக்கும் மேற்கும் சொல்லத் தமக்கென்று அத்தனை வலுவான சொற்களை வைத்திருந்த ஆங்கிலேயர், திசையை அளக்க வேண்டி வந்தபோது நம் அறிஞர்களின் சொல்லை நாடி வந்தனர்.

சொல்லுவது வேறு, அளப்பது வேறு. மேற்கு என்று சொல்ல மலை போதும். நடுக்கடலில் மலை ஏது?

கடலோடிகளான அரபிகள் நட்சத்திரங்களைக் கொண்டு அடிவானத்தை முப்பத்திரண்டாகப் பகுத்தனர். ஒவ்வொரு பங்குக்கும் 'கன்' என்று பெயர். வடக்கு 'ஜாஹ்', அதாவது துருவ நட்சத்திரம். அங்கிருந்து ஃபர்கத், நஃஷ், நாக்கா, அய்யூக், வாக்கிஉ, ஸிமாக், துரையா, தாயிர் என்று வரிசையாக வரும். கிழக்குப் பாதியில் அந்நட்சத்திரம் உதிக்கும் இடம். மேற்குப் பாதியில் அது மறையும் இடம். தாயிர் உதிப்பது நேர் கிழக்கு, மறைவது நேர் மேற்கு. காந்த ஊசிப் பெட்டிக்கு 'பைத்துல் இப்ரா', ஊசியின் வீடு, என்று பெயர். இக்கலையைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தம் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் நூலில் விரித்துரைத்தவர் அஹ்மத் இப்னு மாஜித். அவருக்கு வழங்கிய பட்டம் 'முஅல்லிம்'. கப்பலுக்கு வழிகாட்டுவோனும் முஅல்லிம், மதரஸாவில் அலிஃப் பே சொல்லிக் கொடுப்பவனும் முஅல்லிம். அச்சொல்லே காயலிலும் கீழக்கரையிலும் கரையேறித் தமிழில் 'மாலுமி' ஆயிற்று. மாலுமி என்பதைத் தூய தமிழ்ச்சொல் என்று எண்ணிக் கவிதை பாடுவோரை நான் கண்டிருக்கின்றேன். பாடட்டும், அது இன்று தமிழ்ச்சொல்லேதான். நம் கரையோரத்தாரும் காற்றைக் கொண்டு திசை சொல்வர்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். யாழ்ப்பாணத்தார் தென்காற்றைச் சோளகம் என்பர்.

இவ்வளவும் கூறியதன் நோக்கம் ஒன்றுண்டு. நம் குடும்பங்களில் 'மேற்கு' என்பதும் 'கிப்லா' என்பதும் ஒரே சொல்லாகவே ஆகிவிட்டன. மேற்கே கால் நீட்டி உறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். கப்ரைத் தென்வடலாகத் தோண்டி, மய்யித்தின் தலையை வடக்கே வைத்து, முகத்தை மேற்கே திருப்புகின்றோம். இதனால் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றை நேர் மேற்கு நோக்கியே எழுப்பிவிட்டனர். இன்று இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தரையில் வைத்து, "ஹஸ்ரத், நம் பள்ளி கிப்லாவிலிருந்து விலகி நிற்கின்றது" என்கின்றார். பெரியவர் ஒருவர், "அப்படியானால் நம் பாட்டன் பூட்டன் தொழுததெல்லாம் வீணா?" என்று சினக்கின்றார். இந்த வாக்குவாதம் ஜமாஅத்துகளைப் பிரித்த ஊர்களும் உண்டு. மலபாரிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஅபாவின் நேர்திசையா, அதன் பக்கமா என்று உலமாக்களிடையே கடுமையான வாதம் நடந்தது.

இளைஞர் சொல்லும் கணக்கு சரிதான். கஅபா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 21 பாகை 25 கலையில் உள்ளது. தளவாய்புரம் ஒன்பதரைப் பாகை அளவில். உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால், தளவாய்புரத்திலிருந்து கஅபா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகை திரும்ப வேண்டும். சென்னையில் இது 18 பாகை அளவாகக் குறையும். இவ்வகைக் கணக்கை அல்பீரூனி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 416இல், அதாவது 1025இல், கஸ்னி நகரின் கிப்லாவுக்காகவே ஒரு நூல் முழுவதும் எழுதி நிறுவியிருக்கின்றார்கள். ஆகவே இது நேற்றுக் கைப்பேசியோடு வந்த புதுமை அன்று.

பெரியவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மதீனாவாசிகளுக்கு, கிழக்கிற்கும் மேற்கிற்கும் இடைப்பட்டது கிப்லா என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் வருகின்றது. மதீனாவிற்கு மக்கா தெற்கே. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் பைத்துல் முகத்தஸை விட்டுக் கஅபாவின் பக்கம் திரும்புமாறு கட்டளை வந்தபோது, அங்கிருந்தோர் வடக்கிலிருந்து தெற்காகவே திரும்பினர். நமக்கு அதே அளவையில் தெற்கிற்கும் வடக்கிற்கும் இடைப்பட்ட மேலைப்பக்கம். நம் உள்நாட்டில் மிகுதியாகப் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில், தொலைவில் உள்ளவர்க்குக் கஅபாவின் பக்கம் போதும். நாற்பத்தைந்து பாகைக்குள் விலகல் தொழுகையைக் கெடுக்காது என்பர். கரையோரத்து ஷாஃபி மத்ஹபில் நேர்திசையை நாடுவதில் கண்டிப்பு அதிகம். ஆனாலும் அவரவர் ஆற்றலுக்கு உட்பட்டே. ஆகவே 23 பாகைக்காகப் பாட்டனார் தொழுகையை யாரும் வீணாக்கிவிட இயலாது. சுவரை இடிக்கவும் வேண்டியதில்லை. பள்ளிவாசலின் தரையில் ஸஃப்புக் கோட்டைச் சாய்வாகப் போட்டுக்கொண்டால் போதும். பல ஊர்களில் அப்படித்தான் செய்துள்ளனர், அழகு சற்றுக் குறைந்தாலும் அமைதி கெடவில்லை.

என் கருத்தில், சண்டைக்குக் காரணம் அந்த ஒரு சொல்லே. 'மேற்கு' என்று நம் முன்னோர் சொன்னது மலையிருக்கும் பக்கத்தை. நூலடித்து அளந்த ஒரு கோட்டையன்று. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நாம் கோடு போட்டுவிட்டோம். நம்மவர் கடல்கடந்து போனபோது இது தெளிவாகின்றது. ஜித்தாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மக்கா கிழக்கே. இலண்டனில் இருப்போர்க்குத் தென்கிழக்கே. அங்கே மேற்கே கால் நீட்டலாமா என்று ஒரு தாயார் கடிதம் எழுதிக் கேட்டதாகச் சொல்வார்கள். திருமறையில் மஷ்ரிக், மஃரிப் என்னும் சொற்கள் ஒருமையில் வருகின்றன, இருமையில் வருகின்றன, பன்மையிலும் வருகின்றன. ஞாயிறு ஆண்டெல்லாம் ஒரே இடத்தில் உதிப்பதுமில்லை, ஒரே இடத்தில் மறைவதுமில்லை என்பதை விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கமாகக் கூறுவர்.

அந்த விளக்கத்தைத் தளவாய்புரத்தில் நின்று கண்ணாலேயே காணலாம். சித்திரை பிறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன், இரவும் பகலும் சமமாகும் நாளில் ஞாயிறு நேர் மேற்கே மறைகின்றது. பிறகு நாளுக்கு நாள் வடக்கே ஒதுங்கி, ஆனி மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 24 பாகை வடக்கே போய் நின்று திரும்புகின்றது. அந்நாள்களில் மஃரிபுக்குச் சற்றுமுன் ஞாயிறு மலையில் இறங்கும் இடம் எதுவோ, ஒரு பாகை முன்பின்னாக அதுவே நமக்குக் கஅபாவின் திசை. எகிப்திற்குச் சென்ற ஸஹாபாக்கள் (ரலி) இதே போன்று குளிர்கால ஞாயிறு உதிக்கும் இடத்தைக் கிப்லாவாகக் கொண்டனர். மாலுமியின் கணக்கும் இதற்கு ஒத்து வருகின்றது. ஜாஹிலிருந்து மேற்காக எண்ணி வந்தால் ஆறாவது கன், ஸிமாக் மறையும் இடம். அது மேற்கிலிருந்து இருபத்திரண்டரைப் பாகை வடக்கு. ஸிமாக் என்பது நம்மவர் சுவாதி என்று சொல்லும் நட்சத்திரம். இப்னு மாஜித் காலத்திலிருந்து அது மூன்று பாகை அளவு தெற்கே நகர்ந்துவிட்டது. ஆயினும் அந்தக் கன்னின் பெயர் அப்படியே நிற்கின்றது.

கணக்கும் வேண்டாம், காந்த ஊசியும் வேண்டாம் என்போர்க்கு ஆண்டில் இருமுறை எளிய வழி உண்டு. மே 28ஆம் நாள் இந்திய நேரம் பிற்பகல் 2 மணி 48 நிமிடத்திற்கும், ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2 மணி 57 நிமிடத்திற்கும் ஞாயிறு கஅபாவிற்கு நேர் மேலே நிற்கும். அந்நேரம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கோடிட்டால் அதுவே கிப்லா. ஒரு நாள் முன்பின் ஆனாலும் வேறுபாடு தெரியாது. ஜூலையில் நம் மலைமேல் மேகம் திரண்டு ஞாயிற்றை மறைத்துவிடும் நாள்கள் மிகுதி. ஆகையால் மே மாதத்து நாளையே குறித்து வைத்துக்கொள்வது நலம்.